வெள்ளைச்சாமி மேல் ஒரு கும்மிப்பாட்டு

முன்வரிசைச் சிவப்பு நாற்காலியிலிருந்து வெள்ளைச்சாமி எழுந்தார்.

அவர் எழுந்ததும் நாற்காலியும் கூடவே எழுந்தது. அவர் உடம்பு அப்படி. பிளாஸ்டிக் நாற்காலிகள் அவரை எளிதில் பிரிவதில்லை. பின்னால் இருந்தவர் அதைப் பிடித்து இழுத்து விடுவித்தார். பிறகு வெள்ளைச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார்.

முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் ஏற்கனவே அந்தரத்தில் நின்றிருந்தன. வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி மட்டும் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. மைக் செட்காரர் சத்தத்தைக் குறைக்கும் திருகின் மேல் விரலை வைத்துக்கொண்டு, யார் ஜாடை காட்டுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில், கழுத்தில் கிட்டாரோடு பிலோமினா. வயது இருபத்து மூன்று. மேடைக்குப் பின்னால், கையில் பாதி உரித்த வாழைப்பழத்தோடு நான். வயது வேண்டாம்.

அடுத்த நிகழ்ச்சி என்னுடையது. திருவிழா நோட்டீசில் 'சிரிப்பரங்கம்' என்று போட்டு, பக்கத்தில் என் பத்து வருடத்துக்கு முந்தைய படத்தையும் போட்டிருந்தார்கள். ஊர் இரண்டுபட்டால் முதலில் ரத்தாவது சிரிப்பரங்கம்தான் என்பது என் அனுபவம். பழத்தை முழுதாகச் சாப்பிட்டுவிடலாமா, கையோடு எடுத்துக்கொண்டு ஓடலாமா என்று யோசித்தேன்.

வெள்ளைச்சாமி மேடையை நோக்கி நடக்கத் தொடங்கினார். அவருக்கு முழங்கால் வலி. மெதுவாகத்தான் வருவார். அவர் வந்து சேர்வதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எந்தப் படம்?

பிலோமினாவை முதலில் பார்த்தது வெள்ளைச்சாமி மஹாலில். அன்னவாசல் பக்கம் மாவிலங்கம்பட்டி விலக்கில், சிங்கப்பூர்ச் சம்பாத்தியத்தில் வெள்ளைச்சாமி கட்டிய கல்யாண மண்டபம் அது. முகப்பில் இரண்டு யானைகள். ஒன்றின் தும்பிக்கையை ஏதோ லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. மற்றபடி குறையில்லை.

அன்று ஒரு வரவேற்பு. மாப்பிள்ளையின் அப்பா எனக்குச் சினேகிதர். "நகைச்சுவையா நாலு வார்த்தை வாழ்த்திப் பேசுங்க" என்று கூப்பிட்டிருந்தார். பேசினேன். சாப்பாட்டுப் பந்தி திறந்த அதே நேரத்தில் பேசினேன். என் நகைச்சுவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மண்டபமே மட்டன் பிரியாணியை நோக்கி நகர்வதைப் பார்த்தவன் நான்.

எனக்குப் பிறகு பாட வந்த பெண் அந்த முதுகுகளுக்குச் சளைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பஸ் நிற்காத ஒரு நிறுத்தத்தில், கூடையோடு கையை நீட்டிக்கொண்டு நிற்கும் பெண்களைப் பற்றிய பாட்டு. எளிய வரிகள். ஆனால் கேட்டு முடிக்கும்போது எனக்கே கை வலிப்பதுபோல் இருந்தது.

பாட்டு முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டார்.

"ஏம்மா, இது எந்தப் படம்?"

"படத்துல வரலைங்கய்யா. நானே எழுதுனது."

"அப்படியா. படம் எப்ப வருது?"

"படமே இல்லைங்க. பாட்டு மட்டுந்தான்."

பெரியவர் உச்சுக் கொட்டினார். "பாவம், நின்னு போச்சாக்கும்" என்றார்.

நம்மிடம் சொந்தப் பாட்டு என்றால் இதுதான் கதி. படம் இல்லாத பாட்டு, அப்பா பெயர் தெரியாத பிள்ளை மாதிரி. எல்லாரும் இரக்கத்தோடு விசாரிப்பார்கள். மாவிலங்கம்பட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் குடுமியான்மலை. அங்கே பாறையில் சுரம் சுரமாகச் சங்கீதத்தையே வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்தப் படம் என்று கேட்க ஆளில்லாத காலத்தில் வெட்டியதால் தப்பித்தது.

முதல் பலி

விசாரித்ததில், அவள் என்னோடு பள்ளியில் படித்த சவரிமுத்துவின் மகள் என்று தெரிந்தது. சவரிமுத்து அரசு பஸ்ஸில் கண்டக்டர். கணக்குப் பாடத்தில் என்னைப் பார்த்து எழுதி, என்னோடு சேர்ந்தே தவறியவன்.

பிலோமினாவுக்குப் பாட்டு கோயில் பாடகர் குழுவில் தொடங்கியது. ஆவூர்ப் பக்கத்துப் பங்குச் சாமியார் ஒருவர், பழைய கிட்டாரை "சும்மாதானே கிடக்கு" என்று கொடுத்திருக்கிறார். அவளுக்கு அன்று தெரிந்தது மூன்றே மூன்று விரல்பிடிகள். அவற்றை வைத்துக்கொண்டு மாதாவையும் பாடினாள், தைலமரக் காட்டையும் பாடினாள், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களின் முதுகுவலியையும் பாடினாள். பாட்டுகளை இணையத்தில் ஏற்றினாள். பார்த்தவர்களில் பாதிப்பேர் நான்தான். ஒரு தடவை பார்த்தேன். மற்றதெல்லாம் மூக்குக் கண்ணாடி இல்லாமல் நிறுத்தத் தெரியாததால் மறுபடி மறுபடி ஓடியது.

பஸ் நிறுத்தப் பாட்டுக்கு முதல் பலி அவள் அப்பாதான்.

"ஏம்ப்பா, நீயே சொல்லு," என்று என்னைப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மடக்கினான் சவரிமுத்து. "எல்லா ஸ்டாப்புலயும் நான் நிறுத்தாமயா போறேன்? வீட்ல சோத்தத் தின்னுப்புட்டு அப்பன் மேலயே பாட்டு எழுதுது!"

"உன் பேரைச் சொல்லலையேப்பா."

"அதான் பிரச்சன. பேரச் சொல்லியிருந்தா இல்லன்னு சொல்லலாம். சொல்லாததால, ஏறுறவன் பூராம் என்னையத்தான் பாக்குறான்."

அடுத்த சில வாரங்கள் அவன் பஸ் கண்ட இடத்திலெல்லாம் நின்றது. ஆடு மேய்ப்பவர் வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினாலும் நின்றது. டிரைவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். மற்ற பயணிகள் "பாட்டுக்காரப் பிள்ளையப் பெத்தாலும் பெத்தாரு" என்று அலுத்துக்கொண்டார்கள். ஒரு பாட்டினால் ஒரு பஸ்ஸை நிறுத்த முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் முப்பது வருடமாக எழுதுகிறேன். ஒரு சைக்கிள்கூட நின்றதில்லை.

கடைசியில் சவரிமுத்து மகளுக்கு ஒரு கெடு வைத்தான். அடுத்த தை வரை பாடிப் பார்க்கலாம். மாதாமாதம் ஏதாவது கச்சேரி வந்தால் சரி. வராவிட்டால் கிட்டாரைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டு, திருச்சிக்குப் பேங்க் பரீட்சை வகுப்புக்குப் போய்விட வேண்டும்.

மாதாமாதம் அவளுக்கு வந்த ஒரே கச்சேரி, வெள்ளைச்சாமி மஹால் கச்சேரி. மனுஷனுக்கு அவள் குரல் பிடித்துவிட்டது. மண்டபம் பேசவருகிற ஒவ்வொரு கல்யாண வீட்டாரிடமும், "பாட்டுக்கு நம்ம பிலோமி இருக்கு, வெளிய அலையாதீங்க" என்பார். சமையல்காரர், பந்தல்காரர் மாதிரி மண்டபத்தோடு சேர்ந்த பாட்டுக்காரி. அவள் பாட்டுப் பிழைப்பு அந்தத் தும்பிக்கை உடைந்த யானையின் நிழலில்தான் ஓடியது.

கார் நிற்கிற இடம்

இனிமேல்தான் சிக்கல்.

மாவிலங்கம்பட்டிக் கம்மாய்க்குத் தண்ணீர் வருவது மேற்கே காட்டிலிருந்து ஒரு வரத்து வாய்க்கால் வழியாக. அந்த வாய்க்கால் மேல்தான் வெள்ளைச்சாமி மஹாலின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. வாய்க்காலை மண்ணடித்து மூடி, மேலே சிமெண்டுக் கல் பதித்து, வெள்ளைக் கோடு போட்டு, 'இருசக்கர வாகனங்கள் இடப்புறம்' என்று எழுதியாகிவிட்டது. இரண்டு ஐப்பசி மழையும் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டன. கம்மாயில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.

இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. ஆளுக்கொரு கல்யாணம் அந்த மண்டபத்தில் நடந்திருந்தது, அல்லது நடக்கவிருந்தது.

ஆடியில் அம்மன் திருவிழா. முளைப்பாரி அன்று சாயங்காலம் பிலோமினாவின் பாட்டும் என் சிரிப்பரங்கமும் என்று முடிவானது. அதற்கு ஒரு வாரம் முன்னால் அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"அங்கிள், ஒரு பாட்டு எழுதிருக்கேன்."

ஊரில் மற்றவர்களையெல்லாம் ஐயா, மாமா, சித்தப்பா என்று அழைக்கும் பெண், என்னை மட்டும் அங்கிள் என்பாள். என் தலைமுடிச் சாயத்தின் மீது அவளுக்கு மரியாதை கிடையாது.

பாடிக் காட்டினாள்.

*காட்டுத் தண்ணி ஓடிவந்து*
*காரு நிக்கிற எடத்தப் பாத்து*
*கம்மாய்க்கு வழி எங்கேன்னு*
*கையக் கட்டி நிக்குதடி.*

"பிரமாதம். இதோடு நிறுத்திக்கோ," என்றேன்.

"அடுத்த அடியில பேரு வருது அங்கிள்."

நான் அவளுக்கு நையாண்டியின் அடிப்படை விதியை விளக்கினேன். பெயரைச் சொல்லக்கூடாது. பெயர் சொல்லாமல் திட்டினால் அவனவனும் அடுத்த வீட்டுக்காரனைத்தான் சொல்கிறார்கள் என்று சந்தோஷமாகக் கைதட்டுவான். யாருக்கும் வருத்தமில்லை. மறுவருஷமும் கூப்பிடுவார்கள். நான் சோறு சாப்பிடுவது அந்த விதியில்தான்.

"அதான் உங்களுக்குக் கைதட்டுறாங்க, வாய்க்கா அடைஞ்சே கெடக்கு," என்றாள்.

டம்ளரில் மிச்சமிருந்த காபியை ஒரே மடக்கில் குடித்தேன்.

"பேரச் சொல்லாமத் திட்டுனா அவருக்கு ஒறைக்காது. பேரச் சொல்லித் திட்டுனா மஹால் போயிரும். நான் திருச்சிக்குப் போயிருவேன். ரெண்டும் ஆகாது அங்கிள்." கிட்டாரைப் பையில் வைத்தபடி சொன்னாள். "பேரச் சொல்லணும். ஆனா திட்டக் கூடாது."

"அது பாராட்டு விழா அல்லவா?"

"ஆமா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பெயர் என்பது

வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கும்மிப்பாட்டில் ஊர்க்காரர் பெயரைச் சேர்த்துப் பாடுவார்கள். பெயர் வந்துவிட்டால் அந்த ஆள் எழுந்துபோய்ப் பாடுகிறவருக்குத் துண்டு போர்த்த வேண்டும். போர்த்தினால் பாட்டில் சொன்னதை ஏற்றுக்கொண்ட மாதிரி. போகாவிட்டால் அம்மனுக்கு முன்னால் கொடுத்த மரியாதையைத் தள்ளிய மாதிரி. பத்து வருஷம் கழித்தும் பெண் பார்க்கப்போன இடத்தில் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

பெயர் வராமல் போனால் அதைவிட மோசம். ஒருமுறை நான் நன்றியுரையில் ஒரு ஹோட்டல்காரர் பெயரை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அந்த ஹோட்டலில் எனக்கு மட்டும் சாம்பார் ஆறித்தான் வருகிறது. ஊர் மாறலாம் என்றால் தோசை நன்றாக இருக்கிறது.

சரி, வெள்ளைச்சாமி மேடைப் படிக்கட்டுக்கு வந்துவிட்டார். திரும்பிப் போவோம்.

முதல் மம்பட்டி

அன்று பிலோமினா கிட்டாரை மெல்லத் தட்டிக் கும்மித் தாளத்தில் பாட, கீழே பெண்கள் ஒவ்வொரு வரியையும் வாங்கித் திருப்பிப் பாடினார்கள். காட்டுத் தண்ணி ஓடி வந்தது. கையைக் கட்டி நின்றது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வெள்ளைச்சாமியின் கழுத்து சற்றே சிவந்தது. ஆனால் காரு நிக்கிற இடம் ஊரில் எத்தனையோ இருக்கலாமே என்கிற தைரியத்தில் உட்கார்ந்திருந்தார். அடுத்த அடி வந்தது.

*வெள்ளித் தேரு அம்மனுக்கு – எங்க*
*வெள்ளச்சாமி ஐயாவே*
*மூடி வச்ச கையாலே – வந்து*
*மொத மம்பட்டி போடுங்களே.*

பெண்கள் பழக்கத்தில் அப்படியே வாங்கிப் பாடிவிட்டார்கள். "எங்க வெள்ளச்சாமி ஐயாவே" என்று அத்தனை குரல்களும் சேர்ந்து, அம்மன் காது கேட்கச் சொன்னபிறகுதான் என்ன பாடினோம் என்று புரிந்தது. கைகள் அந்தரத்தில் நின்றது அந்த இடத்தில்தான்.

வெள்ளைச்சாமி படியேறினார். பிலோமினா மைக்கை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். சவரிமுத்து கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்றான். சீருடையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான்; விசில் கழுத்தில் தொங்கியது. அவன் என்ன செய்ய உத்தேசித்தான் என்று பிறகு கேட்டேன். "தெரியலப்பா. விசில் அடிச்சிருப்பேன்" என்றான்.

வெள்ளைச்சாமி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மனைப் பார்த்தார். பிறகு கீழே, தன் மண்டபத்தில் கல்யாணம் முடித்த, முடிக்கப்போகிற அத்தனை குடும்பங்களையும் பார்த்தார். கையில் இருந்த துண்டுக்கு அந்த நேரத்தில் இரண்டே வழி. தோளுக்குத் திரும்ப வேண்டும், அல்லது அவள் தோளுக்குப் போக வேண்டும்.

மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார்.

"மொத மம்பட்டிங்கிறது..." என்று ஆரம்பித்தார்.

அவர் முடிக்கவில்லை. கூட்டத்தின் இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"அதெப்படி மொத மம்பட்டி அவருக்கு?"

முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் காளிமுத்து. வெள்ளைச்சாமிக்கும் அவருக்கும் தேர்தல் காலத்திலிருந்தே பேச்சு வார்த்தை கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டியபடி முன்னால் வந்தார்.

"இந்த ஊருக் கம்மாய்ல எங்க குடும்பந்தான் எப்பவும் மொத மம்பட்டி போடுறது. நேத்து சிங்கப்பூர்லேருந்து வந்தவருக்கு அந்த மரியாதையா?"

"வாய்க்கால மூடுனது அவருதான, அதுனால பாடிருக்காங்க," என்றார் திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர், சமாதானம் செய்கிற நினைப்பில்.

"அவரு மட்டுந்தான் மூடுனாரா?" காளிமுத்துவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "கீழ்க்கடைல நானு வைக்கப்போரு போட்டு அடைச்சிருக்கேன்ல? மாட்டுக் கொட்டகை பாதி வாய்க்கா மேலதான நிக்கிது? எம் பேரு எங்கத்தா பாட்டுல?"

முளைப்பாரிக்குப் பக்கத்தில் ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளால் முடியவில்லை. சிரிப்பு அங்கிருந்து கிளம்பிக் கூட்டம் முழுக்கப் பரவி, வேப்பமரத்தில் இருந்த காக்கைகளைக் கிளப்பிவிட்டது. என் வாழ்நாளில் எந்தச் சிரிப்பரங்கத்திலும் நான் கேட்காத சிரிப்பு. அதன் பிறகு நான் மேடையேறினால் என்ன மரியாதை மிஞ்சும்? வாழைப்பழத்தை முடித்துக்கொண்டேன்.

காளிமுத்து என்ன சொன்னோம் என்பதை உணர்ந்து மடித்துக் கட்டிய வேட்டியை மெல்ல அவிழ்த்து விட்டார். ஆனால் பின்வாங்க முடியாது. பின்வாங்கினால் மம்பட்டி வெள்ளைச்சாமிக்கு.

வெள்ளைச்சாமிக்கும் அது புரிந்துவிட்டது. மரியாதையை எதிராளி கேட்டபிறகு அதை வேண்டாம் என்று சொல்ல அவருக்குப் பைத்தியமா? துண்டைப் பிரித்து பிலோமினாவின் தோளில் போட்டார். கிட்டாரின் கழுத்தும் அதற்குள் மாட்டிக்கொண்டது.

"மொத மம்பட்டி எனக்குன்னு ஆத்தா சன்னதில பாடியாச்சு," என்றார் மைக்கில். "ரெண்டாவது மம்பட்டிய வேணும்னா காளிமுத்து போட்டுக்கிறட்டும்."

பெண்களின் கைகள் மறுபடி கீழே இறங்கித் தட்டத் தொடங்கின. இம்முறை, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, காளிமுத்து பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பிலோமினா மேடையை விட்டு இறங்கி என்னிடம் வந்தாள். "அங்கிள், அவரு துண்டப் போடும்போது காதுல ஒண்ணு சொன்னாரு."

"என்ன?"

"'ஆவணில மூணு முகூர்த்தம் புக்காயிருக்கு. வந்துரு'ன்னாரு. அப்பறம், 'ஆனா இந்தப் பாட்டு வேண்டாத்தா'ன்னாரு."

குழாய்

ஆவணி பிறக்கும் முன்பே இரண்டு பக்கமும் வேலை தொடங்கியது. வெள்ளைச்சாமி மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் படம் எடுத்துக்கொண்டு, மீதியை ஜேசிபி வண்டியிடம் விட்டார். அந்தச் சத்தம் கேட்டுக் காளிமுத்து வைக்கோற்போரை அன்றைக்கே நகர்த்தினார். யார் முதலில் முடிப்பது என்று போட்டி. ஊர்க்காரர்கள் மாலையில் போய் இரண்டு பக்கமும் நின்று, "அங்கிட்டு வேகமா நடக்குதுங்க" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுத்து உதவினார்கள்.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. கம்மாய் நிறைந்தது என்று எழுத ஆசைதான். பாதிதான் வந்தது. மட்டையும் பந்துமாக நின்ற பையன்களின் ஆடுகளம் மட்டும் முழுகியது. காரணம், வெள்ளைச்சாமி கார் நிறுத்துமிடத்தை இழக்க மனமில்லாமல், வாய்க்காலுக்குள் சிமெண்டுக் குழாயைப் புதைத்து மேலே மறுபடி கல்லைப் பதித்துவிட்டார். குழாய் கொஞ்சம் ஒல்லி.

தையில் அந்த மண்டபத்தில் ஒரு கல்யாணம். நானும் போயிருந்தேன், வாழ்த்திப் பேச. இந்தத் தடவை பந்தி திறப்பதற்கு முன்பே பேசினேன். பசியோடு உட்கார்ந்திருந்தவர்களின் பார்வையோடு ஒப்பிட்டால் முதுகே மேல். சவரிமுத்து பின்வரிசையில் இருந்தான். கெடு முடிந்துவிட்டதே என்று கேட்டேன். "எந்தக் கெடு?" என்றான்.

பிலோமினா மேடையில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச்சாமி முன்னால் போய், "ஏத்தா பிலோமி, எம் பாட்டப் பாடு" என்றார்.

"வேண்டாம்னு சொன்னீங்களேய்யா?"

"அது அப்ப. எஞ் சம்பந்தி வந்திருக்காரு, அவரு கேக்கணும்ல."

பாடினாள். காட்டுத் தண்ணி, கையைக் கட்டி நின்றது, மூடிவைத்த கை, முதல் மம்பட்டி எல்லாம் வந்தது. சம்பந்தி தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நல்லாருக்கே. எந்தப் படம்?" என்றார்.

"படமா?" வெள்ளைச்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் மேல பாடுனதுய்யா. நாந்தான் வாய்க்கால மூடுனேன், நாந்தான் தொறந்தேன். பாட்டச் சரியாக் கேக்கலையா நீங்க?"

பாட்டு முடிந்து எல்லாரும் பந்திக்கு நகர்ந்த பிறகு, பிலோமினா கிட்டாரைப் பையில் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"ஐயா, இன்னும் ஒரு அடி சேத்திருக்கேன். குழாயப் பத்தி. பங்குனியில அம்மன் கோயில்ல பாடப்போறேன்."

வெள்ளைச்சாமியின் முகம் மாறியது. வெளியே கார்கள் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். கல்லுக்கு அடியில் அந்தக் குழாய் எவ்வளவு ஒல்லி என்பது அவருக்குத் தெரியும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு அவள் பக்கம் குனிந்து, சம்பந்திக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"அதுலயும் எம் பேருதானத்தா மொதல்ல வரும்?"